பச்சை யானையும் இரண்டு எழுத்தும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டிலிருந்து பிறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சமையலறையில், எட்டு வயதுப் பெண் ஒருத்தி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கையில் பச்சை மாவு, மூக்கு நுனியில் மைதா, கண்ணில் அனல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதே ஓடிப்போய் எழுத வேண்டும்போல் இருந்தது. ஆனால் என் கையிலும் மாவு. அதனால் மதியம்தான் உட்கார முடிந்தது. திட்டு வாங்கியவளுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு பாடு.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் எழுதிய கதைகளில் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பெருமூச்சு விடாமல் இருந்ததில்லை. இதில் ஒருவரும் விடப்போவதில்லை. விட்டால் மைதா பறக்கும்.

2.

முதல் வரிக்கே மூன்று முறை முட்டிக்கொண்டேன். மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

[மழை விட்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், மேசைமேல் இருந்த வெண்ணெய் தன் இறுக்கத்தை மெல்ல இழந்துகொண்டிருந்தது, ஒரு மனத்தைப் போல, ஒரு—]

வேண்டாம். வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தால் இளகத்தான் செய்யும். இதற்கெல்லாம் மனத்தைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. தவிர, அன்று மழையே பெய்யவில்லை.

[அந்தச் சிறுமிக்குத் தாய் இல்லை.]

வேண்டவே வேண்டாம். உண்மைதான். அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அவளைப் பெற்றவள் போய்விட்டாள். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அவளோ அழுமூஞ்சி இல்லை. தன்னை அப்படிக் காட்டிவிட்டேன் என்று தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

[எங்கள் வீட்டில் ஒரு மேனேஜர் இருக்கிறாள்.]

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

எங்கள் வீட்டில் ஒரு மேனேஜர் இருக்கிறாள். வயது எட்டு, முன்பல் ஒன்று போய் இன்னும் முளைக்கவில்லை. எந்தத் துண்டு யாருக்கு, செருப்பை எங்கே கழற்றுவது, பால் பொங்கினால் யார்மேல் பழி என்பதெல்லாம் அவள் முடிவு செய்வதுதான். பட்டப்பெயர் வைத்தது அவள் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் அவரை நான் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து மேனேஜர் என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள்.

"சாப்டீங்களா?"

"வெயிலா இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க."

"உங்க போன் அடிக்குது பாருங்க."

குறையே அங்கேதான். ங்க, ங்க, ங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் இருக்கும். மற்ற வீடுகளில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அம்மாவிடம், "நீ சும்மா இரு", "உனக்கு ஒன்னும் தெரியாது" என்று கத்துகிறார்கள். எந்த அம்மாவும் அதற்காகக் கோர்ட்டுக்குப் போனதில்லை. எனக்கும் அந்தச் 'சும்மா இரு' வேண்டும். அவள் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த வார்த்தைக்கு ஏற்கெனவே சொந்தக்காரி ஒருத்தி உண்டு. 'நீங்க'வில் இரண்டு எழுத்து குறைந்தால் போதும். ங் ஒன்று, க ஒன்று. இந்தக் கதையில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், எனக்கு இது வேண்டும். வேறொன்றும் இல்லை.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் போடச் சோம்பலாக இருப்பதால் இங்கேயே: பிழைப்புக்கு நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். 'நீங்கள் வந்தாய்' என்று எவராவது எழுதியிருந்தால் எனக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும். ஆகவே என் மனக்குறைகளும் இலக்கணமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3.

இப்போது மாவு.

மேனேஜரின் பள்ளித் தோழி ஒருத்தி, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீலக் குரங்கு ஒன்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்கத் தின்றிருக்கிறாள். அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம நாம குக்கீஸ் செய்யறோம். கலர் கலரா. பொம்மை மாதிரி."

"பிஸ்கட்டா?"

"பிஸ்கட்டு கடையில விக்கிறது. இது குக்கீஸ். எழுதும்போது தப்பா எழுதிராதீங்க."

தப்பாக எழுதவில்லை. வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் குழைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். பேக்கிங் பவுடர் கூடாது. அதைப் போட்டால் மாவு உப்பிப் பரந்துவிடும். குரங்காக உள்ளே போனது பூசணிக்காயாக வெளியே வரும். பவுடர் இல்லாத மாவு சொன்ன பேச்சு கேட்கும். களிமண்போல் கையில் நிற்கும். மூக்கு வைத்தால் மூக்கு, காது வைத்தால் காது. நான்கு உருண்டையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் விட்டுப் பிசைந்தோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். என் உள்ளங்கை இப்போதும் ஊதாவாகத்தான் இருக்கிறது, நாளை அச்சகத்தில் எல்லோரும் மை என்று நினைத்துக்கொள்வார்கள்.

துணைக்குப் பட்டாணி வந்திருந்தாள். கீழ்வீட்டுப் பல் டாக்டரின் மகள், நான்கு வயது, உருண்டை. சர்க்கரை டப்பாவைக் கண்டால் விடமாட்டாள், வெளியே தெரிந்தால் டாக்டருக்கு மானம் போகும். பட்டாணிக்கு உலகத்தில் எல்லோரும் 'நீ'தான். தபால்காரரும் நீ, அவள் அப்பாவிடம் பல் பிடுங்க வருகிறவர்களும் நீ.

"எனக்கு மஞ்ச குடு நீ," என்றாள் என்னிடம்.

"அவங்கள 'நீ'ன்னு சொல்லக் கூடாது பட்டாணி," என்றாள் மேனேஜர். "'நீங்க'ன்னு சொல்லணும்."

"ஏன்?"

"சொல்லணும். அவ்ளோதான்."

பட்டாணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மஞ்ச குடு நீ," என்றாள்.

எனக்குக் கழுத்துச் சுளுக்கவில்லை. ஆனால் பட்டாணியிடமிருந்து வரும் 'நீ' கணக்கில் சேராது. அவள் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறாள்.

(இன்னொரு குறிப்பு. ஓவனை எங்கள் வீட்டில் 'அவன்' என்கிறோம். அப்படியே எழுதினால் 'அவன் சூடாகிவிட்டான்', 'அவனைத் திறந்து யானையை உள்ளே வைத்தேன்' என்றெல்லாம் வரும். அவன் யார், முதல் அத்தியாயத்தில் வந்தானா என்று நீங்கள் புரட்டிப் பார்க்க நேரும். ஆகவே நான் சொல்லும் இடத்தில் ஓவன். மற்றவர்கள் பேசும்போது அவரவர் இஷ்டம்.)

4.

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் கணவர்.

இவரை அப்படியே எழுதினால் நம்புவீர்களா? இவர் எல்லோரையும் 'நீங்க' என்பார். என்னை, காய்கறிக்காரரை, தப்பாக போன் செய்தவரை. நடுவழியில் நிற்கும் லிஃப்டின் கதவைத் தட்டி, "கொஞ்சம் ஒத்துழைங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அன்று காலை சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓவனைக் காட்டிக் கேட்டார்:

"அவர் சூடாயிட்டாரா?"

"அப்பா, அவருக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றாள் மேனேஜர், சிரிக்காமல்.

மகளைத் திட்டும்போது மட்டும்தான் இவர் வாயில் 'நீ' வரும். அதுவும் அபூர்வம். இப்படி ஒருவரைக் கதையில் வைத்தால், ஆசிரியர் வேண்டுமென்றே சர்க்கரையைக் கொட்டிவிட்டார் என்பீர்கள். அதனால் ஒரு வரைவில் இவருக்குக் கோபத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, இரவல் சட்டைபோல் தொளதொளவென்று நின்றது. இன்னொரு வரைவில் இவரை வெளியூருக்கே அனுப்பிவிட்டேன். அப்புறம் நடந்த விபரீதத்தைச் செய்ய ஆள் இல்லாமல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். நல்லவர்தான். என்ன குழப்பம் நடந்தாலும் இவருடைய நல்ல குணத்தால்தான் நடக்கும், வேறு எதனாலும் நடக்காது.

5.

மேனேஜர் பச்சை யானை செய்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான யானை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, நல்ல சேதி ஒன்றைச் சொல்ல வந்ததுபோல் நின்றது. பட்டாணி ஒரு சிவப்புப் புழு செய்து, அதைத் தின்று, இன்னொரு புழு செய்துகொண்டிருந்தாள். நான் மஞ்சளில் பூனை ஒன்று செய்தேன். உருளைக்கிழங்கு என்று மேனேஜர் நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

யானைக்கு ஒரு காது பெரிது, ஒரு காது சின்னது. அதுதான் என் கண்ணில் விழுந்து தொலைத்தது. நாளெல்லாம் பிழை தேடும் கை சும்மா இருக்குமா? பெரிய காதைக் கொஞ்சம் கிள்ளிச் சமப்படுத்திவிடலாம் என்று இரண்டு விரலை நீட்டினேன். காது என் விரலோடு வந்துவிட்டது.

"ஏய்! கைய எடு! உன்ன யாரு தொடச் சொன்னா? நீ பெரிய இவளா? நீ உன் வேலையப் பாரு!"

பட்டாணி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

உன்ன. நீ. இன்னொரு நீ. உன். பாரு. எழுவாயும் பயனிலையும் கைகோத்துக்கொண்டு நின்றன. ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. யானையின் காதை விரலில் வைத்துக்கொண்டு நான் நின்றேன், என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, சிரிப்பு என்று நினைக்கிறேன். வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு உரிமையாகத் திட்டியதில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். நான் முடித்திருப்பேன். ஆனால் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு என் கணவர் வந்துவிட்டார்.

"என்ன பேச்சு இது? பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? 'நீங்க'ன்னு சொல்லு. மன்னிப்புக் கேளு."

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள், அப்போது நான் கவனிக்கவில்லை. திட்டு வாங்கிய பிள்ளை முகம் சிவக்கும். இவளுக்கு வெளுத்தது.

"மன்னிச்சிருங்க," என்றாள். "தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

வாசல்வரை வந்த 'நீ'யை ஆசாமி கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அவரை முறைத்தேன். உங்க பக்கம்தானே பேசினேன் என்று அவர் பாவமாக விழித்தார். அதற்குள் எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாக போன் வந்தது. போய்விட்டார். போனது நல்லதாகப் போயிற்று, மாவு தேய்க்கும் கட்டை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

6.

கதை எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இப்போது மூன்று வழி இருந்தது.

அ. தட்டில் பச்சை யானை ஒரு மூலையில், என் மஞ்சள் பூனை எதிர் மூலையில். உள்ளே வைக்கிறோம். வெந்து வரும்போது இரண்டும் விரிந்து, நடுவில் ஒட்டி, யானையின் தும்பிக்கை பூனையின் முதுகில் கிடக்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மேனேஜர் என்னைப் பார்க்கிறாள்—

சத்தியமாக இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்து நானே கைக்குட்டையைத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது, நாங்கள் பேக்கிங் பவுடர் போடவில்லை. யானை வைத்த மூலையிலேயே, வைத்தபடியே வெந்து வந்தது. பூனையும் அப்படியே. நடுவில் பட்டாணி உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. நல்ல மாவு. கதைக்குத்தான் உதவவில்லை.

ஆ. என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "இனிமே அவங்கள 'நீ'ன்னே கூப்பிடு" என்று மகளுக்கு உத்தரவு போடுகிறார்.

உத்தரவு போட்டு வாங்கிய 'நீ'யை நான் என்ன செய்வது? அலமாரியில் வைத்துப் பூட்டுவதா?

இ. இருபது வருடம் கழித்து, சொந்தமாக ஒரு பேக்கரி வைத்திருக்கும் அந்தப் பெண்—

என்னால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

7.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

தட்டு உள்ளே போனதும் மேனேஜரும் நானும் ஓவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டாணி ஒரு கரண்டியை நக்கிக்கொண்டே அதைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். வெண்ணெய் வாசனை வர ஆரம்பித்திருந்தது.

"கோவமா இருக்கீங்களா?"

"இல்லையே."

"காத மறுபடி ஒட்டிட்டேன்."

"பாத்தேன். நான் தொட்டிருக்கக் கூடாது."

"தொட்டிருக்கக் கூடாதுதான்," என்றாள். நியாயம் நியாயம்தான்.

இதைக் கேட்பதா வேண்டாமா என்று நான் படாத பாடு பட்டேன். கேட்டால் கெஞ்சுவதாகிவிடும். கேட்காவிட்டால் காலம் முழுக்க 'குடை எடுத்துட்டுப் போங்க'தான். கேட்டேவிட்டேன்.

"ஒன்னு சொல்லட்டுமா? நீ என்ன 'நீ'ன்னு திட்டினே இல்ல? எனக்கு அது பிடிச்சிருந்துது."

லூசா என்பதுபோல் பார்த்தாள். "திட்டினது பிடிச்சிருந்துதா?"

"திட்டு பிடிக்கல. 'நீ' பிடிச்சிருந்துது."

தலையை வேகமாக ஆட்டினாள். "அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னா நீங்க போயிருவீங்க."

"எங்க?"

"உங்க பழைய வீட்டுக்கு."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். கல்யாணத்துக்கு முன்னாடி. மரியாதையாப் பேசினாத்தான் அவங்க நம்ம வீட்ல இருப்பாங்கன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதான் நான் மறக்காம சொல்லிட்டே இருக்கேன். தூக்கத்துல எழுப்பினாக்கூட கரெக்டா சொல்லுவேன். இன்னிக்குத்தான் யானையால மறந்துட்டேன்."

[அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள்—]

[நான் அவளுடைய—]

[ஒரு வருடமாக—]

மூன்றும் முடியவில்லை. விட்டுவிடுகிறேன். அழுதேன், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே அழுதேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல் இந்தப் பிள்ளை தன் பேச்சுக்கெல்லாம் ஒரு ங்க போட்டு வைத்திருக்கிறாள், நான் வெளியே போய்விடக் கூடாதென்று. நானோ அது என்னை உள்ளே விடாமல் போட்ட தாழ்ப்பாள் என்று நினைத்து வெம்பிக்கொண்டிருந்தேன்.

"போறவளா இருந்தா இவ்ளோ மைதா பிசைவேனா?" என்றேன். "எங்கயும் போகமாட்டேன். நீ திட்டினாலும் போகமாட்டேன். அப்பா தொரத்தினாலும் போகமாட்டேன்."

"பட்டாணி கடிச்சா?"

"டாக்டர்கிட்ட போயிட்டு நேரா இங்கதான் வருவேன்."

பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். ஓவன் 'டிங்' என்றது. அவள் குதித்து எழுந்து, என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள்.

அந்த வாக்கியத்தைத்தான் எழுத முடியாது.

8.

ஏன் முடியாதென்றால், மதியம் நான் எழுதி வைத்த இந்தத் தாள்களை மேனேஜர் எடுத்துப் படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ஒரு வரி விடாமல். படித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் எப்படிக் கூப்பிடறேன்னு ஊருக்கெல்லாம் எதுக்கு? அது நம்ம வீட்டு விஷயம்."

நம்ம வீட்டு விஷயம். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே 'டிங்'குக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதையெல்லாம் வால் வெட்டித்தான் தருவேன். ஏமாற்று வேலை என்று தோன்றினால் அவளிடம் புகார் செய்துகொள்ளுங்கள்.

"இந்த எடத்துல நான் கத்தினேன்னு வர்ற மாதிரி எழுதிருக்—. நான் கத்தல. சத்தமாப் பேசினேன்."

"ம்."

"யானை சூப்பரா வந்துச்சுன்னு எழுது—."

யானை சூப்பராக வந்தது. ஒரு காது பெரிது. அதை யார் தின்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பூனையைப் பட்டாணி உருளைக்கிழங்கு என்று நினைத்தே தின்றுவிட்டாள்.

"அப்பாவ ரொம்பக் கிண்டல் பண்ணிருக்—. பாவம்."

பாவம்தான். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அய்யோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அவள்தான் மூச்சு முட்டுகிறது என்று இறங்கினாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் தாளில் வெட்டிப் போட்ட கோடுகளை அவள் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எழுது—. எழுதிருக்—. பண்ணிருக்—.

"எல்லாத்தையும் வெட்டிட்—. ஆனா ஒன்ன மட்டும் வெட்ட முடியாது, பாரு—."

"எத?"

பென்சிலை எடுத்தாள். ஓரத்தில் 'நீ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே 'நீங்க' என்று எழுதி, பின்னால் இருந்த இரண்டு எழுத்தையும் அடித்தாள்.

"இதுல வெட்டினாலும் 'நீ'. அதுல வெட்டினாலும் 'நீ'. பாத்—?"

பார்த்தேன். இத்தனை வருடம் பிழை திருத்தியிருக்கிறேன், இது கண்ணில் படவில்லை. சாப்டீங்களா, போங்க, பாருங்க என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்த நாளெல்லாம், அவள் 'நீங்க' என்று வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் முதலில் வந்தது நான் கேட்டதுதான்.

அடுத்து முடிவு எழுத வேண்டும். பேனாவை எடுத்தால், சமையலறையிலிருந்து குரல் வருகிறது. மிச்சமிருந்த மாவைப் பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பட்டாணி எதையோ கேட்டு அழுகிறாள், என் கணவர் அவளிடம், "அழாதீங்க, உங்களுக்குத்தான் சிவப்பு" என்கிறார்.

"நீ— இன்னும் எழுதிட்டா இருக்—? சீக்கிரம் வா—!"

போகிறேன். வெட்டிய இடத்திலெல்லாம் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இவ்வளவு தூரம் இதைப் படித்தபடி என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாகிவிட்டது. இதற்குமேலும் உன்னை 'நீங்கள்' என்று தள்ளி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சத்தை நீ எழுதிக்கொள்.